அம்மாவின் உளைவும் வாட்ஸ்அப் கோலும்

மண்டூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 53 வயது. கழுத்து, தோள், நாரி என்று ஏழு வருடமாக உளைவு. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். கடைசியில் மட்டக்களப்பில் ஒரு டொக்டர் ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பில் பல இடத்தில் நீடிக்கும் தசை நோ) என்று பெயர் சொல்லி, இரவுக்கு ஒரு சின்னக் குளிசை எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் மாமி மகள், இதற்கு ஒன்லைனில் உளவியல் சிகிச்சை இருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்ல, அம்மா கொதித்துப்போனாராம். "எனக்கென்ன பைத்தியமா? நாரி நோகுது எண்டா மண்டையப் பாக்கச் சொல்றாங்க!" தம்பியின் கேள்வி இரண்டு. தசையில் இருக்கிற நோ பேச்சில் போகுமா? அதுவும் போனில் பேசி?

நான் அம்பாறைக் கரையோரத்தில் பதினாறு வருடமாக பிசியோவாக இருக்கிறேன். 2020 கொரோனா முடக்கத்தில் ஆட்கள் வர முடியாமல் போனபோது, உளவளத்துணையாளர் ஒருவருடன் சேர்ந்து போனில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான். இன்றுவரை விடவில்லை.

அம்மாவின் கோபம் நியாயமானது, தம்பி. ஏழு வருடம் நொந்தவரிடம் 'மனசைப் பாருங்கள்' என்றால், 'நீங்கள் நடிக்கிறீர்கள்' என்றுதான் காதில் விழும். அதனால் அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, நோ மெய் என்பது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவை மருத்துவம் நாட்பட்ட நோ என்கிறது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஃபைப்ரோமயால்ஜியா அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. மனநோய்ப் பிரிவில் அதற்கு இடமில்லை. இதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாம்.

அப்படியென்றால் ஏன் உளவியல்? படுவான்கரை ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனை ஒருக்கா புகுந்துபோன வயலில் பரணில் காவலிருக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் மாடு அசைந்தாலும் வெடி போடுவார். ஓலை விழுந்தாலும் டோர்ச் அடிப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கிற சத்தமும் பொய்யில்லை. ஆனை போய் மாதமாகியும் காவல் மட்டும் தளரவில்லை, அவ்வளவுதான். நாட்பட்ட தசை நோவில் நரம்பும் முள்ளந்தண்டும் மூளையும் இப்படித்தான் விழித்துக் கிடக்கின்றன. முன்பு நோகாத அழுத்தம் இப்போது நோகும். நித்திரை குறைந்தால் கூடும், பயந்தால் கூடும், வீட்டில் சண்டை நடந்தாலும் கூடும். தசையில் தொடங்கும் சேதி மூளைக்குப் போகிற வழியிலேயே கூட்டிக் குறைக்கப்படுகிறது என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965 இலேயே எழுதினார்கள். அவர்கள் அன்று வரைந்த படத்தில் சில பகுதிகள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் நோவுக்கு ஒரு கதவு இருக்கிறது, அதை மேலேயிருந்தும் சாத்தலாம் என்கிற அடிப்படை நிலைத்துவிட்டது. பயம், நித்திரை, கவனம், அன்றாட நடமாட்டம் எல்லாம் அந்தக் கதவில் கை வைக்கிறவை. உளவியல் சிகிச்சை வேலை செய்கிற இடமும் இதுதான்.

இனி, எவ்வளவு பலன்? இங்கே மாமி மகளின் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். 2020 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு நாட்பட்ட நோவுக்கான உளவியல் சிகிச்சைகள் பற்றிய 75 ஆய்வுகளை, 9,000க்கு மேற்பட்டவர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிந்தனை நடத்தைச் சிகிச்சையால் (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் முறை) நோவும் முடக்கமும் மனக்கலக்கமும் கொஞ்சம் குறைகின்றன என்பது அதன் முடிவு. 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். 2023 இல் அதே குழு, தொலைவிலிருந்து தரப்படும் சிகிச்சைகளை மட்டும் எடுத்து 32 ஆய்வுகளைப் பார்த்தது. அநேகமானவை இன்டர்நெட் வழி, சில வெறும் டெலிபோன் வழி. அங்கேயும் கிட்டத்தட்ட இதே முடிவுதான்: நோவும் முடக்கமும் சிறிதளவு குறைகின்றன. நேரில் போகாவிட்டால் எல்லாம் வீண் என்று சொல்ல இடமில்லை. 2024 இல் 'லான்செட்' இதழில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே ஒரு ஆய்வு வந்தது. 275 பேர், பன்னிரண்டு வாரம், போனில் ஒரு செயலி. நோவை ஏற்றுக்கொண்டு வாழ்க்கையை நகர்த்துகிற முறையில் அமைந்த செயலியைப் பாவித்தவர்களில் 70.6 வீதம் பேர் முன்னேற்றம் என்றார்கள். நோவைக் குறித்து வைக்கும் செயலியை மட்டும் பாவித்தவர்களில் அது 22.2 வீதம். நல்ல எண்தான், ஆனால் 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்டதற்கு அவர்களே சொன்ன பதில் அது. அந்தச் செயலியும் அமெரிக்காவில் டொக்டர் சீட்டோடு கிடைப்பது. மண்டூரில் இருந்து இறக்கிப் போட முடியாது.

எண்களை விட்டுவிட்டு நான் கண்டதைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

மருதமுனையில் கைத்தறி நெய்கிற ராத்தா ஒருவர். தோளும் கழுத்தும் கல்லாக இறுகி இருக்கும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். அவரால் வர முடியவில்லை, என்னாலும் போக முடியவில்லை. வியாழக்கிழமைகளில் ளுஹர் தொழுகை முடிந்ததும் உளவளத்துணையாளர் கோல் எடுப்பார், நாற்பது நிமிஷம். இடையில் ஒரு நாள் நான் பத்து நிமிஷம் வீடியோவில் பயிற்சி பார்ப்பேன்.

முதல் கோலில் நோவைப் பற்றிப் பேசியது குறைவு. நேற்றைய நாள் விடிந்ததிலிருந்து எப்படிப் போனது என்றுதான் கேட்டார். அதில் வெளிவந்த விஷயம்: நோ குறைந்த நாளில் ராத்தா மூன்று மணித்தியாலம் எழும்பாமல் தறியில் இருப்பார். ஓடர் நிற்கிறது, சாரம் முடிக்க வேண்டும். மறுகா இரண்டு நாள் பாயோடு பாயாகக் கிடப்பார். நல்ல நாள் வந்தால் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பார், திரும்பவும் விழுவார். இந்தச் சுற்று எட்டு வருடமாக ஓடியிருக்கிறது. எங்களிடம் வந்திருந்தால் கட்டிலில் படுக்கவைத்துத் தோளை அமுக்கிப் பார்த்திருப்பேன், தறியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். கோல் அவருடைய தறி வரைக்கும் போனது. தொலைவுச் சிகிச்சை நேர்ச் சிகிச்சையின் மட்டமான பிரதி என்கிற எண்ணம் எனக்கு அன்றோடு போனது.

மூன்று நாள், நோ ஏறத் தொடங்குகிறவரை எத்தனை நிமிஷம் தறியில் இருக்க முடிகிறது என்று குறிக்கச் சொன்னார் உளவளத்துணையாளர். 25, 15, 20 என்று வந்தது. சராசரி 20. அதற்குக் கொஞ்சம் கீழே, 15 நிமிஷத்தில் தொடங்கினார்கள். போனில் அலாரம் அடித்தால், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழும்ப வேண்டும். "பதினஞ்சு நிமிஷத்தில சாரத்துக்குக் கரை கூட வராதே" என்று ராத்தா சிரித்தார். நோகாத நாளில் அலாரத்துக்கு எழும்புவதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நொந்த நாளில் எழும்பாதவர் யார்? சில நாளைக்கொருமுறை ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டினார்கள். பத்தாவது வாரம் ஒரே இருப்பில் 40 நிமிஷம், நாளைக்கு மூன்று தரம். நோ பத்துக்கு ஏழிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தது. ஆய்வுகள் சொல்லும் அந்தக் 'கொஞ்சம்' இதுதான். ஆனால் பாயில் கிடந்த நாட்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. ராத்தாவைக் கேட்டால் இதைக் கொஞ்சம் என்று சொல்ல மாட்டார்.

உங்கள் அம்மாவுக்குத் தறி இல்லை. திருவலை இருக்கும், கிணறு இருக்கும், நெல் புழுக்குகிற கிடாரம் இருக்கும். கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது நினைப்பு. "முள்ளந்தண்டு தேஞ்சு போச்சு, இனிப் படுக்கைதான்" என்று ஒருவர் நம்பினால் அவர் குனியவே பயப்படுவார். குனியாத நாரி இன்னும் இறுகும், அந்த இறுக்கத்தைத் தேய்மானத்தின் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து 'எலும்பு தேய்ந்திருக்கிறது' என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பும் என் துறைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நாரி நோவே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 வீதம் பேரின் ஸ்கேனிலும், எண்பது வயதுக்காரர்களில் 96 வீதம் பேரின் ஸ்கேனிலும் முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்திருந்தன. தலை நரைப்பது போலத்தான் அது. இதைப் பாடமாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, செய்து பார்க்க வைக்க வேண்டும். 'குனிந்து வாளியைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கொப்பியில் எழுதச் சொல்வார்கள். அரை வாளித் தண்ணீரைத் தூக்கச் சொல்வார்கள். அடுத்த நாள் காலையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். இரண்டு நிரலும் ஒத்துப்போகாத நாட்கள் சேரச் சேர, பரணில் இருக்கிறவர் மெல்லத் தளருவார்.

தசையைத் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது, ஒவ்வொரு தசையாக இறுக்கி விடுவது. இதை வொய்ஸ் மெசேஜாக அனுப்புவோம். முதலில் யூரியூப்பில் கிடைத்த ஒன்றை அனுப்பினோம். ராத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, "நியூஸ் வாசிக்கிறாகா, எனக்கெப்படி நித்திர வரும்?" பிறகு உளவளத்துணையாளரே நம்முடைய பேச்சில் பதிந்து அனுப்பினார். 'தோளக் காதுகிட்டத் தூக்குங்க... பிடிங்க... இப்ப விடுங்க, சும்மா விழட்டும்.' இப்போது அந்தப் பதிவு யாரிடமெல்லாம் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

நித்திரை, வேண்டியவர்களோடு பேச்சு, நோ திடீரென்று ஏறும் நாளுக்கான ஏற்பாடு எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக வரும். உடம்பை அசைப்பதற்கு இவை எதுவும் மாற்று இல்லை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 2017 இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியான பரிந்துரை பெற்றது ஒன்றே ஒன்று, உடற்பயிற்சி. விடிய வெயில் ஏறமுன் குளத்துக் கட்டில் நடக்கிற நடை அதில் சேரும்.

இரவுக் குளிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்றால், வீட்டில் யாராவது கூகுளில் தேடி 'மனச்சோர்வு மருந்து' என்று கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். கூடுதல் அளவில் அது அதற்குத்தான். இந்தச் சிறிய அளவில் நோவுக்கும் நித்திரைக்கும் கொடுப்பது பழைய வழக்கம். டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். டைக்குளோபெனக் என்கிற நோக் குளிசையைப் பெட்டிக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதைத்தான் நிறுத்த வேண்டும். இந்த வகை நோவுக்கு அதனால் பெரிய பலன் இல்லை, வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் மிச்சம்.

போன் வேண்டாம், நேரில் டொக்டரிடம் போக வேண்டும் என்கிற நிலைகளும் உண்டு. காய்ச்சலோடு நோ, காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக நோ, மூட்டு வீங்கிக் காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக் கிடப்பது, கையைத் தூக்கவோ கதிரையிலிருந்து எழும்பவோ பலமில்லாமல் போவது. கால் விறைத்து, மலசலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அம்புலன்ஸுக்கு 1990க்கு எடுங்கள். இன்னொன்று, கிளினிக்கில் கொழுப்புக்கு அட்டோவாஸ்டட்டின் எடுக்கிறவர்களில் சிலருக்குத் தசை நோகும். தைரொயிட் குறைந்தாலும் நோகும். இந்த இரண்டையும் பார்த்தாயிற்றா என்று அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாமல், டொக்டரிடம் கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, எங்கே கிடைக்கும்? 'நாட்பட்ட நோவுக்கான தொலைவு உளவியல் சிகிச்சை' என்று பலகை போட்ட இடத்தை நம்முடைய பக்கத்தில் தேடிக் களைத்துப் போகாதீர்கள். அரச ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் சேவை இலவசம். அம்மாவின் டொக்டரிடமே ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். 'மனநோய்க்கு அல்ல, நாட்பட்ட நோவுக்கு' என்று அதில் எழுதச் சொன்னால் போகிற இடத்தில் பேச்சு லேசாகும். முதல் தடவை நேரில் போய் முகம் பார்த்துவிட்டு, மற்றதைக் கோலில் தொடர முடியுமா என்று கேளுங்கள். வாவி கடக்கும் படகுப் பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து மட்டக்களப்பு போய்த் திரும்புகிற நாளில் அம்மாவின் நாரி என்ன பாடு படும் என்பதைக் கேட்பவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். ஒரு நாள் சிகிச்சைக்கு இரண்டு நாள் படுக்கை என்றால் கணக்கு உதைக்கிறதே.

கனடாவில் தமிழ் பேசும் ஒருவரை மாமி மகள் பிடித்துத் தந்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன படித்தவர், எங்கே பதிந்தவர்? நாட்பட்ட நோவுள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா? அவசரம் வந்தால் இங்கே யாரைக் கூப்பிடுவார்? மூன்றாவதற்குப் பதில் இல்லாதவரிடம் நான் என் அம்மாவை விட மாட்டேன். ஏழு வருட நோ ஆளை உள்ளே அரித்திருக்கும். அம்மா எப்போதாவது 'இருந்தென்ன' என்கிற மாதிரிப் பேசினால் அடுத்த வியாழன் கோலுக்குக் காத்திருக்கக் கூடாது. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆள் பேசாமல் செயலியையோ வீடியோவையோ மட்டும் கொடுத்தால் நம்முடைய ஆட்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மனுஷக் குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு வீடியோ தேவையில்லை. சிக்னல் விழுந்து எழும்பும் ஊரில் சாதாரண கோலே போதும், டேட்டாவும் மிச்சம்.

நான் கண்ட பெரிய தடை சிக்னல் இல்லை, வீடு. ராத்தா முதல் மூன்று கோலிலும், தறியையும் வேலையையும் தவிர வேறு எதைக் கேட்டாலும், "ஓம், ஓம், பரவாயில்ல" என்று மட்டும்தான் சொன்னார். மாமியார் பக்கத்து அறையில் இருந்தாராம். நான்காவது கோலை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனார். அன்றைக்குத்தான் சுனாமியில் போன பிள்ளையைப் பற்றிப் பேசினார். பதினெட்டு வருடம். நோ தொடங்கியது அதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் கொப்பியில் ஒழுங்காக எழுதினார்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது, தம்பி. 'அம்மா நீங்க விடுங்க, நான் செய்றன்' என்று எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். நோவைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் வீட்டில் கவனம் கிடைத்தால், உடம்பும் அதையே பேசப் பழகிவிடும் என்று வில்பேர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஐம்பது வருடத்துக்கு முன்பே எழுதினார். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். 'எவ்வளவு நோகுது?' என்று பத்துத் தரம் கேட்பதற்குப் பதிலாக, 'இண்டைக்கு எத்தின நிமிஷம் திருவினீங்க?' என்று ஒரு தரம் கேளுங்கள்.

மனசு, உளவியல் என்கிற சொற்களையெல்லாம் இப்போதைக்கு அம்மாவிடம் எடுக்கவே வேண்டாம். 'நோவோட எப்படி வேல செய்யலாம் எண்டு ஒரு ரீச்சர் போன்ல சொல்லித் தருவாவாம்' என்றால் போதும், அது பொய்யும் இல்லை. கோல் வருகிற நேரத்தில் அப்பாவை எங்கேயாவது அனுப்பிவிட்டு, நீங்களும் வெளியே போய்விடுங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம். அம்மாவுக்கு ஒரு இயர்போன் வாங்கிக் கொடுங்கள்.